எழுதுகோல் உயர்த்தப்பட்டது அவனுக்கு, நமக்கல்ல



மூவரிடமிருந்து எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்னும் நபிமொழியை நம்மில் அறியாதவர் குறைவு. உறங்குபவர் விழிக்கும் வரையிலும், சிறுவர் பருவமடையும் வரையிலும், சித்தம் பேதலித்தவர் தெளிவடையும் வரையிலும் அவர்களுடைய செயல்கள் குற்றமாக எழுதப்படுவதில்லை என்பது அதன் கருத்து. அபூதாவூத், திர்மிதீ முதலிய ஹதீஸ் நூல்களில் இது இடம்பெற்றுள்ளது. அல்லாஹ்வின் பெருங்கருணையை எடுத்துரைக்கும் செய்தி இது.

எங்கள் இளைய மகனுக்கு இப்போது வயது 13. ஆட்டிசம் உள்ள பிள்ளை. கடந்த பத்து ஆண்டுகளில் இந்த நபிமொழியை நாங்கள் கேட்ட அளவுக்கு வேறு பெற்றோர் கேட்டிருப்பார்களா என்பது ஐயமே. கல்யாண வீட்டிலும், மையித்து வீட்டிலும், பள்ளிவாசல் படிக்கட்டிலும் யாரேனும் ஒருவர் அருகில் வந்து, “அவன் சொர்க்கத்துப் பிள்ளை. அவனுக்குக் கேள்வி கணக்கே இல்லை. அவனைப் போட்டு ஏன் ஓது, தொழு, படி என்று சிரமப்படுத்துகிறீர்கள்?” என்று கேட்பார்கள். சொல்பவர்கள் அன்பினால்தான் சொல்கிறார்கள். அல்லாஹ் அவர்களுக்கு நற்கூலி வழங்கட்டும். ஆயினும் அந்த ஆறுதல் எங்கள் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய் நிறுத்துகிறது என்பதை நம் சமுதாயம் எண்ணிப் பார்க்க வேண்டும். அதற்காகவே இதை எழுதுகிறோம்.

மூவரும் ஒரே வரிசையில்

அந்த நபிமொழியில் கூறப்பட்ட மூவரையும் மீண்டும் பாருங்கள். முதலாமவர் உறங்குபவர். அவர் மீது குற்றமில்லை என்பதற்காக நாம் அவரை உறங்கவிட்டு விடுகிறோமா? இல்லை. சுப்ஹுக்குப் பாங்கு சொல்கிறோம். உறக்கத்தைவிடத் தொழுகை மேலானது என்று அந்த ஒரு பாங்கில் மட்டும் கூடுதலாகச் சொல்லி எழுப்புகிறோம். நோன்பு மாதத்தில் ஸஹருக்கு எழுப்புவதற்கென்றே தெருத்தெருவாக ஆள் வந்த காலமும் நம் ஊர்களில் உண்டு.

இரண்டாமவர் சிறுவர். அவரிடமிருந்தும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுத்தான் இருக்கிறது. அதற்காக நாம் மக்தபுகளை மூடிவிட்டோமா? ஐந்து வயதுப் பிள்ளைக்குத் தொப்பி அணிவித்து, கையில் யஸ்ஸர்னல் குர்ஆனைக் கொடுத்து அனுப்புகிறோம். ஏழு வயதிலேயே தொழுகையை ஏவுமாறு நபி (ஸல்) அவர்கள் பெற்றோருக்குக் கட்டளையிட்டார்கள். அந்த வயதில் பிள்ளைக்குத் தொழுகை கடமையில்லை. ஆனால் கற்றுக்கொடுப்பது பெற்றோருக்குக் கடமை.

ஆக, மூவரில் ஒருவரை எழுப்புகிறோம், ஒருவருக்குக் கற்றுக்கொடுக்கிறோம். மூன்றாமவரை மட்டும், கேள்வி கணக்கு இல்லாதவர் என்று சொல்லி வீட்டுக்குள் அமர்த்திவிடுகிறோம். எழுதுகோல் உயர்த்தப்பட்டது அவரிடமிருந்துதான். அவருடைய பெற்றோரிடமிருந்தும், உஸ்தாதிடமிருந்தும், ஜமாஅத்திடமிருந்தும் அது உயர்த்தப்படவில்லை. நம்முடைய ஏடுகள் திறந்தே இருக்கின்றன.

இன்னொன்றையும் இங்கே சொல்லியாக வேண்டும். வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளைகள் அனைவரையும் ‘சித்தம் பேதலித்தவர்’ என்ற ஒரே சொல்லுக்குள் அடைப்பதே பெரும் பிழை. ஆட்டிசம் வேறு, அறிவுத்திறன் குறைபாடு வேறு, டவுன் சிண்ட்ரோம் வேறு, மூளை முடக்குவாதம் வேறு. மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளில் பலருக்கு அறிவில் எந்தக் குறையும் இல்லை. நாவும் கைகால்களுமே அவர்களுக்கு ஒத்துழைப்பதில்லை. பருவமடைந்த அத்தகைய ஒருவருக்குத் தொழுகை கற்றுக்கொடுக்காமல் விட்டோமானால், கடமையுள்ள ஒருவரை நாமே தடுத்தவர்களாகிறோம். எந்தப் பிள்ளைக்கு எந்த அளவு கடமை என்பதை, அந்தப் பிள்ளையின் விளக்கம் எவ்வளவு என்று கண்டறிந்து ஆலிம்கள்தாம் சொல்ல வேண்டும். கண்டறிவதற்குக்கூட முதலில் கற்றுக்கொடுத்துப் பார்க்க வேண்டும் அல்லவா?

அந்த ஏழெட்டுப் பிள்ளைகள் எங்கே?

உலகில் ஏறக்குறைய 127 பேரில் ஒருவருக்கு ஆட்டிசம் இருப்பதாக 2021ஆம் ஆண்டு நிலையை வைத்து உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆயிரம் பிள்ளைகள் உள்ள ஒரு மஹல்லாவில் ஏழெட்டுப் பிள்ளைகள் என்று வைத்துக்கொள்ளலாம். மற்றக் குறைபாடுகளையும் சேர்த்தால் எண்ணிக்கை இன்னும் கூடும். ஆனால் ஜும்ஆ நாளில் பள்ளிவாசலில் நின்று பாருங்கள். பெருநாள் திடலில் பாருங்கள். மக்தபில் பாருங்கள். அவர்களில் ஒருவரையேனும் காண்பது அரிது. அவர்கள் நம் தெருக்களில்தான், பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் இருக்கிறார்கள். கூடவே அவர்களுடைய உம்மாமார்களும் இருக்கிறார்கள்.

எங்கள் மகன் ஒன்றரை வயதில் பேசிக்கொண்டிருந்த சில சொற்களையும் இரண்டு வயதுக்குள் விட்டுவிட்டான். பெயர் சொல்லி அழைத்தால் திரும்ப மாட்டான். வாசலில் கழற்றிவிட்ட செருப்புகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி, அதையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டிருப்பான். எங்களில் ஒருவர் துபாயில் வேலையிலிருந்த காலம் அது. மற்றவர் ஊரில் தனியே, மடியில் பிள்ளையும் மனத்தில் அச்சமுமாக இருந்தார். முதலில் காது கேட்கிறதா என்று சோதித்தோம். கேட்டது. மூன்றாம் வயதில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில்தான் ஆட்டிசம் என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டோம்.

அதன்பின் ஊரும் உறவும் சொன்ன காரணங்கள் பல. கண்ணேறு என்றார்கள். வயிற்றில் இருக்கும்போது எதையோ பார்த்துப் பயந்திருப்பாள் என்றார்கள். பிள்ளையிடம் உம்மா பேசாமல் போனைக் கொடுத்துவிட்டாள் என்றார்கள். எல்லாக் காரணங்களும் சுற்றி வந்து ஒரு பெண்ணின் தலைமீதே இறங்கின. எனவே தெளிவாக எழுதுகிறோம்: ஆட்டிசம் என்பது மூளை வளரும் முறையில் பிறவியிலேயே அமைந்த வேறுபாடு. மரபணுக்களுக்கு அதில் பெரும் பங்கு உண்டு. வளர்ப்பினால் வருவதன்று, தடுப்பூசியினால் வருவதன்று, தாயின் குற்றமும் அன்று. துஆ செய்யுங்கள், ஓதிப் பாருங்கள். நாங்களும் செய்தோம், இன்றும் செய்கிறோம். ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டு அல்லாஹ்வின் மீது தவக்குல் வைப்பதே நமக்குக் கற்பிக்கப்பட்ட வழி. முதல் ஐந்தாறு ஆண்டுகளில் கிடைக்கும் பயிற்சிக்குப் பயன் அதிகம். அந்த ஆண்டுகளை ஊர் ஊராகத் தாயத்துத் தேடி அலைவதிலேயே இழந்துவிடும் குடும்பங்களைக் கண்டு நாங்கள் வருந்தியிருக்கிறோம்.

குழாயடியில் ஒட்டிய பன்னிரண்டு படங்கள்

இத்தகைய பிள்ளைக்குக் கல்வி என்றால் என்ன என்பதை எங்களுக்குக் கற்றுத்தந்தவர், ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் வட்டார வள மையத்திலிருந்து வந்த சிறப்பாசிரியை ஒருவர். வாரம் ஒருமுறை வீட்டுக்கு வருவார். முஸ்லிம் அல்லர். அவன் எதை விரும்புகிறான் என்று முதல் நாள் கேட்டார். தண்ணீரை விரும்புகிறான், குழாயைத் திறந்தால் மூட விடமாட்டான் என்று சற்று வெட்கத்தோடு சொன்னோம். “அப்படியானால் தண்ணீரிலிருந்தே தொடங்குவோம். உங்கள் வீட்டில் தண்ணீரை வைத்து ஒழுங்காக, தினமும் செய்கிற வேலை எது?” என்றார். உளூ என்றோம். அதைச் செய்து காட்டச் சொல்லி, ஒவ்வொன்றையும் தம் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

மறுவாரம் பன்னிரண்டு அட்டைகளோடு வந்தார். குழாயைத் திறப்பது, கை, வாய், மூக்கு, முகம், வலக்கை, இடக்கை, தலை, காது, வலக்கால், இடக்கால், குழாயை மூடுவது. எங்கள் வீட்டில் உருவப்படம் மாட்டுவதில்லை என்பதை யாரும் சொல்லாமலே கவனித்திருந்தார் போலும். முகத்துக்கு மட்டும் கண்ணும் மூக்கும் இல்லாத ஒரு வட்டத்தை வரைந்திருந்தார். அவற்றைத் தண்ணீர் படாதவாறு கண்ணாடித் தாளால் மூடி, குழாய்க்கு மேலே அவன் கண்மட்டத்தில் ஒட்டினோம்.

கற்றுக்கொடுத்த முறை எங்களுக்குப் புதிது. முதலிலிருந்து தொடங்கவில்லை, கடைசியிலிருந்து தொடங்கினோம். பதினொரு படிகளையும் அவன் கையைப் பிடித்து நாங்களே செய்விப்போம். குழாயை மூடும் கடைசிப் படியை மட்டும் அவன் தானாகச் செய்ய வேண்டும். செய்து முடித்ததும் பாராட்டு. அது வந்த பின் கடைசி இரண்டு படிகள், பின்னர் மூன்று. இப்படிச் செய்வதால் ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவனாகவே இருக்கிறான். தோல்வியோடு அவன் குழாயடியை விட்டு நகர்வதில்லை. பன்னிரண்டாம் படியிலிருந்து முதல் படிக்கு வந்து சேர ஏழு மாதங்கள் ஆயின. ஷாஃபிஈ மத்ஹபில் உளூவின் வரிசை கட்டாயம் என்பதை நாங்கள் ஓதியிருக்கிறோம். எங்கள் மகனுக்கோ வரிசைதான் உயிர். வாப்பா அவசரத்தில் எதையாவது மாற்றிச் செய்துவிட்டால், கையைப் பிடித்து இழுத்து அந்தப் படத்தருகே கொண்டுபோய் வைப்பான்.

ஓதுவதில் அவனுடைய நிலை வேறு. கேட்ட ஒலியை அப்படியே திருப்பிச் சொல்லும் ஆற்றலை அல்லாஹ் அவனுக்கு வழங்கியிருக்கிறான். அல்ஹம்து சூராவும் குல்ஹுவல்லாஹு சூராவும் ஆறு வயதிலேயே பிழையின்றி ஓதுவான். கேட்டவர்கள் மாஷா அல்லாஹ் என்றார்கள். ஆனால் அதே ஆண்டில், கடைவாய்ப் பல் சொத்தையாகி வீங்கியபோது, எங்கே வலிக்கிறது என்று சொல்ல அவனுக்கு ஒரு சொல்லும் இல்லை. இரண்டு நாட்கள் தன் தாடையைத் தானே சுவரில் மோதிக்கொண்டான். சூரா முழுதும் ஓதும் நாவு, ‘வலிக்கிறது’ என்ற ஒரு சொல்லுக்கு அசையவில்லை. மனனம் செய்வதும் பேசுவதும் வேறு வேறு என்பதை அந்த இரண்டு இரவுகளில் அறிந்தோம். அதன்பின் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டும் அட்டையைப் பழக்கினோம். தாகம், பசி, கழிப்பறை, போதும், வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சேர்த்தோம். இன்று அவனுடைய இடுப்பில் சாவிக்கொத்தைப் போல இருபது அட்டைகள் தொங்குகின்றன. ‘வேண்டாம்’ என்ற அட்டைதான் அதிகம் தேய்ந்திருக்கிறது.

மார்க்கக் கல்வி, உலகக் கல்வி என்று நாம் இரண்டாகப் பிரிப்பது வழக்கம். இந்தப் பிள்ளைகளிடத்தில் அந்தக் கோடு நிற்பதில்லை. கழிப்பறைக்குச் செல்லத் தானே கேட்டுக்கொள்பவன்தான் தூய்மையோடு தொழுகைக்கு நிற்க முடியும். தன் முறை வரும்வரை காத்திருக்கப் பழகியவன்தான் ஸஃப்பில் நிற்க முடியும்.

பள்ளிக்கூடத்தின் கதவும் மக்தபின் கதவும்

அவனைச் சேர்க்கப் போன தனியார் பள்ளி ஒன்றில், மற்றப் பெற்றோர் ஆட்சேபிப்பார்கள் என்று கூறி ஒரு மாதத்திலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பள்ளியின் பெயரைக் குறிப்பிட விரும்பவில்லை. சட்டம் நம் பக்கம் இருக்கிறது என்பதை மட்டும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் ஆட்டிசம், அறிவுத்திறன் குறைபாடு, மூளை முடக்குவாதம், கற்றல் குறைபாடு உட்பட 21 வகைகளை ஏற்றுக்கொண்டுள்ளது. 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை அருகிலுள்ள பள்ளியிலோ, பெற்றோர் விரும்பும் சிறப்புப் பள்ளியிலோ இலவசக் கல்வி பெறும் உரிமையை அது தருகிறது. எங்கள் மகன் இப்போது அரசுப் பள்ளியில் பயில்கிறான். பாதி நாள் வகுப்பில் இருப்பான்; மீதி நாள் வள மையத்தில் பயிற்சி. வகுப்பில் அவனருகே அமரும் இரண்டு மாணவர்கள் அவனுடைய அட்டைகளை எங்களைவிட விரைவாகப் படிக்கிறார்கள்.

பள்ளிக்கூடத்தின் கதவைச் சட்டத்தைக் காட்டித் தட்டலாம். மக்தபின் கதவை எதைக் காட்டித் தட்டுவது? எட்டு வயதில் அவனை மக்தபுக்கு அழைத்துச் சென்றோம். பிள்ளைகள் நாற்பது பேரும் ஒரே நேரத்தில் உரக்க ஓதும் இடம் அது. அந்த இரைச்சல் அவனுக்கு உடல்வலியைப் போன்றது. காதைப் பொத்திக்கொண்டு கத்தினான். பிள்ளைகள் சிரித்தார்கள். மூன்றாம் நாள், “கடமையில்லாத பிள்ளைக்காகக் கடமையுள்ள நாற்பது பிள்ளைகளின் ஓதல் கெடுகிறது” என்று சொல்லி அனுப்பினார்கள். அதில் கணக்கு சரியாக இருந்தது. அன்றிரவு எங்கள் வீட்டில் யாரும் உண்ணவில்லை.

ஓராண்டுக்குப் பின் அதே மக்தபுக்கு இளம் ஆலிம் ஒருவர் துணை உஸ்தாதாக வந்தார். நடந்ததை யாரோ அவரிடம் கூறியிருக்கிறார்கள். ஒருநாள் அஸருக்குப் பின் வாசலில் நின்று, “காக்கா, பிள்ளைகள் வருவதற்குக் கால் மணி நேரம் முன்னால் தம்பியை அழைத்து வாருங்கள். நானும் அவனும் மட்டும் இருப்போம். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் சொல்லுங்கள்” என்றார்.

நாங்கள் சொன்னவை சிலவே. ஒரே பாய், ஒரே மூலை, ஒரே நேரம். மாற்றம் இருந்தால் முதல் நாளே படத்தில் காட்டிவிட வேண்டும். நீண்ட சொற்றொடர் வேண்டாம். ஒன்றிரண்டு சொற்கள் போதும். கேட்டுவிட்டுப் பத்து எண்ணும் வரை பதிலுக்குக் காத்திருக்க வேண்டும். அவன் களைத்துப்போவதற்கு முன் நாமே முடித்துவிட வேண்டும். முதல் வாரம் ஐந்து நிமிடம் அமர்ந்தான். ஆறு மாதத்தில் இருபத்தைந்து நிமிடம். அந்த இருபத்தைந்து நிமிடத்தின் கடைசிப் பத்து நிமிடத்தில் மற்றப் பிள்ளைகள் இரண்டிரண்டு பேராக உள்ளே வருவார்கள். இப்போது முதல் பத்துப் பேர் வந்து ஓதத் தொடங்கும் வரையில் அவனால் இருக்க முடிகிறது. அதற்கு மேல் முடியாது. அதுவும் போதும் என்று உஸ்தாத் சொல்லிவிட்டார்.

அவர் எங்களிடம் சொன்ன ஒன்று நெஞ்சில் நிற்கிறது. ஏழாண்டு ஓதிப் பட்டம் பெற்றும், இத்தகைய பிள்ளைக்கு எப்படிக் கற்றுக்கொடுப்பது என்பதை ஒருநாள்கூட யாரும் தமக்குச் சொல்லித் தரவில்லை என்றார். நம் அரபிக் கல்லூரிகளை நடத்தும் பெரியோர்கள் இதைச் செவியேற்க வேண்டும். இறுதியாண்டில் ஒரு வாரம் போதும். சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் பல்வகைக் குறைபாடுள்ளோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் இருக்கிறது. தென்காசி அருகே ஆய்க்குடியில் 1981ஆம் ஆண்டு முதல் அமர் சேவா சங்கம் இயங்குகிறது. இத்தகைய இடங்களுக்கு ஆலிம் மாணவர்களை அழைத்துச் சென்று காட்டினாலே பாதிக் கல்வி கிடைத்துவிடும்.

பள்ளிவாசலில் ஓரிடம்

ரமலானில் ஒருமுறை அவனை இஷாவுக்கு அழைத்துச் சென்றபோது, ஒலிபெருக்கி ‘கீச்’ என்று அலறியது. அவனும் அலறினான். தொழுகை முடிந்ததும் பெரியவர் ஒருவர், பள்ளியின் கண்ணியம் என்ன ஆவது என்று வாப்பாவிடம் கடிந்துகொண்டார். அவரைக் குறை கூறுவது எங்கள் நோக்கமன்று. பள்ளியின் கண்ணியம் என்னவென்று அண்ணலாரிடமே கேட்போம்.

மஸ்ஜிதுந் நபவீயினுள் கிராமவாசி ஒருவர் சிறுநீர் கழித்தபோது, அவரைத் தடுக்க எழுந்த தோழர்களை நபி (ஸல்) அவர்கள் அமர்த்தினார்கள். அவர் முடிக்கும் வரை விட்டுவிட்டு, அந்த இடத்தில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றச் சொன்னார்கள். பின்னால் குழந்தை அழும் சத்தம் கேட்டால், அதன் தாயின் மனம் படும் பாட்டை எண்ணித் தம் தொழுகையைச் சுருக்கினார்கள். தொழுகையில் பேத்தி உமாமாவைத் தோளில் சுமந்தார்கள். மதீனாவில் மனநிலை சரியில்லாத பெண்மணி ஒருவர் தம்மிடம் தேவை இருப்பதாகக் கூறியபோது, எந்தத் தெருவை விரும்புகிறாயோ அங்கே வருகிறேன் என்று சொல்லி, அவருடைய தேவை முடியும் வரை உடன் நின்றார்கள். அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையை அந்தப் பெண்ணிடமே கொடுத்தார்கள் என்பதை எண்ணும்போதெல்லாம் எங்கள் கண்கள் பனிக்கின்றன.

பார்வையற்ற தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) கற்றுக்கொள்ள வந்த நேரத்தில், குறைஷித் தலைவர்களிடம் பேசிக்கொண்டிருந்த நபியவர்கள் முகம் திருப்பியதையொட்டி ‘அபஸ’ அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள் அருளப்பட்டன. தேடி வந்த மாணவரையா, பொருட்படுத்தாத பெரிய மனிதர்களையா, யாரை முன்னிறுத்துவது என்பதே அங்கே பிரச்சினை. கல்வியை நாடி வந்தவரின் பக்கம் அல்லாஹ் நின்றான். பின்னாளில் அவர் பிலால் (ரலி) அவர்களோடு முஅத்தினாக இருந்தார். நபியவர்கள் வெளியூர் சென்றபோது மதீனாவின் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. பார்வைக் குறைபாடு வேறு, எங்கள் பிள்ளைகளின் நிலை வேறு என்பதை அறிவோம். ஆயினும் அந்த வசனங்களை ஓதும் எந்த உஸ்தாதும், வாசலில் நிற்கும் ஒரு பிள்ளையைக் காணாததுபோல் இருக்க முடியாது.

இப்போது எங்கள் மகன் அஸருக்குப் பள்ளிக்கு வருகிறான். கூட்டம் குறைந்த வேளை அது. ஒலிபெருக்கியும் உள்ளே ஒலிப்பதில்லை. பின்வாசலை ஒட்டிய தூணருகே ஓரிடத்தை அவனுக்கென நிர்வாகத்தார் ஒதுக்கியிருக்கிறார்கள். ஜும்ஆவுக்கு இன்னும் கொண்டுவர முடியவில்லை. நான்கு ரக்அத்துகளில் மூன்றில் நிற்பான். நான்காவதில் சில நாள் அமர்ந்துவிடுவான். அல்லாஹ் எந்த ஆன்மாவையும் அதன் ஆற்றலுக்கு மேல் சோதிப்பதில்லை.

எங்களுக்குப் பின்

இத்தகைய பிள்ளையைப் பெற்ற எவரும் இரவில் எண்ணி அஞ்சுவது ஒன்றே ஒன்றுதான். நாங்கள் மவுத்தான பின் இவனுக்கு யார்? கல்வி பற்றிய எங்கள் பிடிவாதத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. தானே குளிக்க, தானே உண்ண, வலியைச் சொல்ல, வேண்டாதவர் தொட்டால் ‘வேண்டாம்’ என்று காட்டத் தெரிந்தால், யார் பொறுப்பில் இருந்தாலும் அவன் மனிதனாக வாழ்வான்.

பெற்றோர் பலர் அறியாத செய்தி ஒன்று உண்டு. பிள்ளைக்கு 18 வயது நிறைந்ததும் சட்டத்தின் முன் அவன் பெரியவன். அதன்பின் நாமே பெற்றோராயினும் தானாகச் சட்டப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்காக 1999ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்கீழ், மாவட்ட ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழுவிடம் விண்ணப்பித்துப் பாதுகாவலரை நியமித்துக்கொள்ள வேண்டும்.

அவனுடைய ராத்தா கல்லூரியில் படிக்கிறாள். அவளைப் பெண் பேச வந்த குடும்பம் ஒன்று, அறைக்குள்ளிருந்து வந்த அவனுடைய குரலைக் கேட்டதும், தேநீரை முடிக்காமலே எழுந்து போயிற்று. நாங்கள் தலைகுனிந்து இருந்தபோது அவள் சொன்னாள்: “என் தம்பியைப் பார்த்துப் பயப்படுகிற வீட்டுக்கு நான் எதற்கு உம்மா போகணும்?” மரபணுக்களைப் பற்றிய ஐயம் இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்கட்டும், அது நியாயமே. பாதிக் கோப்பைத் தேநீரோடு எழுந்து போவது நியாயமன்று. அவளுக்கும் நாங்கள் ஒன்றைச் சொல்லி வைத்திருக்கிறோம்: தம்பி உன் உறவு, உன் சிறை அல்ல. அவனுடைய பொறுப்பை அவள் ஒருத்தியின் தோளில் மட்டும் ஏற்றிவிட்டு நாங்கள் கண்மூட விரும்பவில்லை. இதை ஒரு மஹல்லாவே பகிர்ந்துகொள்ள வேண்டும்.

மஹல்லா செய்யக்கூடியவை

பெரும் பணம் தேவைப்படாத சிலவற்றை மட்டும் வேண்டுகோளாக வைக்கிறோம்.

ஒன்று, கணக்கெடுப்பு. தலைக்கட்டு வாரியாகச் சந்தா வசூலிக்கும் ஜமாஅத்துக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். எந்த வீட்டில் இத்தகைய பிள்ளை இருக்கிறது, என்ன வயது, பள்ளிக்குப் போகிறதா என்பதை, குடும்பத்தின் சம்மதத்தோடும் இரகசியம் காத்தும் குறித்து வைக்கலாம்.

இரண்டு, தாள்கள். மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டை, மாநில அரசின் மாதப் பராமரிப்பு உதவித்தொகை, ஆண்டுக்கு ஒரு இலட்சம் ரூபாய் வரையிலான ‘நிராமயா’ மருத்துவக் காப்பீடு, பொதுத் தேர்வில் சொல்வதை எழுதுபவரும் கூடுதல் நேரமும் பெறும் சலுகை ஆகியவை உண்டு. இருந்தும் விண்ணப்பம் நிரப்பத் தெரியாமலும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாவட்டத் தலைநகருக்கு அலைய முடியாமலும் விட்டுவிடும் உம்மாக்கள் பலர். படித்த இளைஞர் இருவர் மாதம் ஒருநாள் இதற்கென ஒதுக்கினால் போதும்.

மூன்று, மக்தபில் கால் மணி நேரம். தனி மதரஸா கட்ட வேண்டியதில்லை. ஒரு உஸ்தாத், ஒரு பாய், ஒரு மூலை. மற்றப் பிள்ளைகளுக்கு ‘சிரிக்கக்கூடாது’ என்று சொல்வதோடு நிறுத்தாமல், எப்படி விளையாடுவது என்றும் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

நான்கு, இரண்டு மணி நேரம். எங்கள் தெருவிலுள்ள மாமி ஒருவர் வெள்ளிதோறும் மாலையில் வந்து மகனோடு அமர்ந்துகொள்கிறார். அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அவனுடைய உம்மா பெண்கள் பயானுக்குப் போகிறாள், அல்லது வெறுமனே உறங்குகிறாள். பணத்தால் வாங்க முடியாத ஸதகா அது.

ஐந்து, பயிற்சிச் செலவு. பேச்சுப் பயிற்சியும் ஆக்குபேஷனல் தெரபியும் ஆண்டுக்கணக்கில் தொடர்பவை. ஏழைக் குடும்பங்களுக்கு ஜகாத்திலிருந்து இதற்கு உதவும் வழிமுறையை ஆலிம்களிடம் கேட்டு, பைத்துல்மால் மூலம் ஒழுங்குபடுத்தலாம்.

இதை வாசிக்கும் பெற்றோருக்கு, அதிலும் இன்றுதான் மருத்துவர் வாயிலாக அந்தச் சொல்லைக் கேட்டுவிட்டு வீடு திரும்பியிருக்கும் பெற்றோருக்கு, ஒரு சொல். உங்கள் பிள்ளை நேற்று இருந்த அதே பிள்ளைதான். ஒன்றைத் தேர்ந்துகொள்ளுங்கள். பன்னிரண்டு படிகளாகப் பிரியுங்கள். கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். ஏழு மாதங்கள் ஆகலாம், ஏழு ஆண்டுகளும் ஆகலாம். கற்றுக்கொடுக்கும் ஒவ்வொரு நாளும் உங்கள் ஏட்டில் எழுதப்படுகிறது.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியை வழங்குவாயாக. அவர்களுக்குக் கற்றுத்தருவோரின் கைகளில், அவர்கள் எந்தச் சமயத்தவராயினும், பரக்கத்தும் நேர்வழியும் அருள்வாயாக. தனித்திருக்கும் உம்மாக்களின் உள்ளத்துக்கு நிம்மதியைத் தருவாயாக. எங்களுக்குப் பின் எங்கள் பிள்ளைகளை நேசிக்கும் மனிதர்களை இந்தச் சமுதாயத்திலிருந்தே உருவாக்குவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.